நாற்பத்தாறு தேறாது

இன்னும் கொஞ்சம் திறங்கண்ணா என்கிறாள். இதற்கு மேல் திறக்காது. ரெண்டு விரல் நுழைகிற அளவுக்குத்தான் இப்போது என் வாய். நாக்கின் இடது ஓரத்தை வெட்டி எடுத்து, கழுத்தைக் காது வரைக்கும் கிழித்துத் தைத்து ஐந்து வாரம்தான் ஆகிறது. இருந்தாலும் திறக்கிறேன். தாடை மூட்டில் எதுவோ இழுத்துப் பிடிக்கிறது, கண்ணோரம் தண்ணீர் வழிந்து காதுக்குள் போகிறது, போதும்ணா, அப்படியே வெச்சுக்கங்க என்று விளக்கை முகத்துக்கு மேல் இழுக்கிறாள். டாக்டர் பெனிட்டா என்று கோட்டில் பெயர் குத்தியிருக்கிறது. மேல்படிப்புப் படிக்கிற பொண்ணு, இருபத்தாறு இருபத்தேழு வயசு இருக்கும், பாதி முகத்தை மாஸ்க் மூடியிருக்கிறது, கண் மட்டும்தான் தெரிகிறது, அதுதான் எனக்குக் கஷ்டம். இருபத்தெட்டு வருஷம் விசைத்தறிப் பட்டறையில் நின்றவன் நான். பன்னிரண்டு தறி ஒன்றாக ஓடுகிற இடத்தில் யாரும் யாருக்கும் காது கொடுப்பதில்லை, உதட்டைத்தான் பார்ப்போம். நூல் தீர்ந்துபோச்சு, டீ வந்திருக்குது, முதலாளி வர்றார், எல்லாம் உதடுதான். நாள் போகப் போகக் காது பாதியாகிவிடும், மீதிப் பாதியை உதடு சொல்லும். வீட்டில் என் பொண்டாட்டி கோகிலா அடுப்படியில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் எனக்கு ஒன்றும் விளங்காது, திரும்பிச் சொல்லு புள்ளே என்பேன். இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் உதட்டை மூடிக்கொண்டு பேசுகிறார்கள். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

பெரிய டாக்டர் பத்து மணிக்கு வந்தார். நான் அதற்குள் இந்த நாற்காலியில் சாய்ந்து படுத்தாயிற்று. அவர் தலைமாட்டில் நின்றதால் மூக்குக்கண்ணாடியின் அடிப்பக்கமும் கழுத்து மடிப்பும்தான் எனக்குத் தெரிந்தது. எக்ஸ்ரே படத்தை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். 'ஃபார்ட்டி சிக்ஸ் தேறாதும்மா' என்றார். பிறகு ஏதோ சொன்னார், அது காதில் விழவில்லை. பிறகு, 'இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு மெனக்கெடறே?' அந்தப் பொண்ணு என்ன பதில் சொன்னாளோ, அவளுக்குச் சன்னக் குரல். அவர் கையைத் திருப்பி வாட்சைப் பார்த்து, 'பன்னெண்டரை வரைக்கும் பாரு, முடியலேன்னா எடுத்துடு' என்று சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது, ஆனால் எண்கள் வரும், நூல் நம்பரெல்லாம் இங்கிலீஷில்தான் சொல்வோம், ஃபார்ட்டீஸ், சிக்ஸ்டீஸ், எய்ட்டீஸ். என் சீட்டில் அர்த்தநாரி, ஆண், வயது நாற்பத்தாறு என்று எழுதியிருக்கிறது. நாற்பத்தாறு தேறாது. தேறாது என்று எதையெல்லாம் சொல்வோம் என்று யோசிக்கிறேன். மழையில் நனைந்து திட்டுத் திட்டாகப் பூஞ்சணம் பிடித்த பாவு நூல் தேறாது. கண்ணில் பூளை கட்டித் தீவனம் எடுக்காமல் படுத்துவிட்ட கன்று தேறாது. அதைச் சொல்லும்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை, அவரும் சத்தமாகச் சொல்லவில்லை. சும்மா, துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு இது செகண்ட்ஸ் என்று ஒதுக்குகிற மேஸ்திரி மாதிரி சொன்னார். அவருக்கு நான் வெறும் வயசு. பேர்கூடச் சொல்லவில்லை.

ஊசி போடறேண்ணா, கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும். தாடையின் பின்மூலையில் இறங்குகிறது, எலும்பில் போய் முட்டுகிறது, மெதுவாக மருந்தைச் செலுத்துகிறாள். பெரிய டாக்டர் போன பிறகும் இவள் ஏன் நிறுத்தவில்லை? ஒருவேளை எனக்குத் தெரியக்கூடாது என்று நடிக்கிறாளா. மேல்படிப்புக்காரி, இவளுக்குப் பழக ஒரு வாய் வேண்டும். தேறாத வாயாக இருந்தால் தப்பு வந்தாலும் யார் கேட்பார்கள்? பழைய தறியில்தான் புதுசாய் வருகிறவனை நிறுத்துவார்கள். சே, அப்படி நினைக்கக்கூடாது, கை எவ்வளவு பதமாக வைக்கிறாள். பதமாக வைக்கிறது இரக்கமாக இருக்கலாம். இரக்கம் என்றால் அப்புறம் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். வலது உதடு தடித்துக்கொண்டே போகிறது, கன்னம் என்னுடையதில்லாமல் ஆகிறது, நாக்கில் மீதி இருக்கிறதும் பாதி செத்துவிட்டது. மரத்துப் போச்சுங்களாண்ணா? தலையாட்டுகிறேன். நீல நிறத்தில் ஒரு ரப்பர் துணி, அதில் ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டை வழியாக ஒரே ஒரு பல்லை மட்டும் வெளியே எடுத்து இரும்பு வளையத்தால் கவ்விவிட்டாள். மீதி வாய் முழுக்கத் திரைக்குப் பின்னால் போய்விட்டது. இனி என்னால் பேச முடியாது. எச்சில் விழுங்கலாம், மூச்சு விடலாம், கண்ணைச் சிமிட்டலாம். சுவரில் கடிகாரம் இருக்கிறது. பத்து இருபத்தைந்து.

ஒரே ஒரு பல்லுக்கு ஏன் இந்தப் பாடு என்று மற்றவர்கள் கேட்கலாம். எனக்கு அது ஒரு பல் இல்லை. புற்று மறுபடி வராமலிருக்கக் கரண்ட் வைக்கிறதற்கு, அதுதான் ரேடியேஷன், அதற்கு முன்னால் கெட்ட பல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லிப் போன வாரம் ஐந்து பல்லைப் பிடுங்கினார்கள். அதற்கு முன்னாலேயே நாலு போய்விட்டது. கடைவாயில் மிச்சம் இருக்கிறது வலது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டும்தான் ஒன்றோடொன்று முட்டுகிற ஜோடி. கீழே இருக்கிறது உள்ளே சொத்தையாகி வேர் வரைக்கும் சீழ் போயிருக்கிறது. அதுவும் போனால் மென்று தின்பது என்பது இந்த ஜென்மத்தில் முடிந்தது, மிக்சியில் அடித்த சோறு, கஞ்சி, கஞ்சி, கஞ்சி. கரண்ட் வைத்த வாயில் பல்செட் நிற்காது, எச்சில் ஊறாது என்றார்கள். இந்தப் பொண்ணுதான் போன செவ்வாய்க்கிழமை படத்தைப் பார்த்துவிட்டு, இதை வேர் வைத்தியம் பண்ணிக் காப்பாத்திடலாம்ணா, ஒரே நாள்ல முடிச்சிடலாம், ரெண்டு மணி நேரம் வாயைத் திறந்து வெச்சிருப்பீங்களா என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் கோகிலா வெச்சிருப்பாருங்க என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வெளியே வந்து வராந்தாவில் நிற்கிறபோது அவள் முகம் எப்படி இருந்தது. ஏனுங்க, நல்லா ஆயிருமுன்னு தெரிஞ்சதனாலதானுங்க பல்ல விட்டு வெக்கறாங்க, இல்லாட்டி எதுக்குங்க இவ்வளவு வேல பாக்கறாங்க என்றாள். எனக்கு நேராக நின்று, உதடு தெரிகிற மாதிரி நின்று சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மாவிடம்கூடச் சொன்னாள். தர்ஷினிக்கு ஃபோன் போட்டு, அப்பாவுக்குப் பல்லக் காப்பாத்தறாங்களாம் கண்ணு என்றாள். நானும் பிடித்துக்கொண்டேன். நாக்கை வெட்டின டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறார், கரண்ட் வைக்கிற இடத்தில் பாக்கலாம் பாக்கலாம் என்கிறார்கள், யாரும் சொல்லாததைப் பல் சொல்லிவிட்டது என்று நினைத்தேன். ஆறு நாள் நன்றாகத் தூங்கினேன்.

இப்போது துளைக்கிறாள். வலி இல்லை, சத்தம் மட்டும் மண்டை எலும்பு வழியாக வருகிறது, இது எனக்குக் காதில்லாமலே கேட்கிறது. தண்ணீரை உறிஞ்சுகிற குழாய் வாயோரம் கர்ரென்று இழுக்கிறது. ஒரு வாடை வருகிறது, அழுகின வாடை, என் பல்லுக்குள்ளேயிருந்து வருகிற வாடை, எத்தனை வருஷம் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேனோ. பிறகு ஒரு சிரிஞ்சில் ஏதோ தண்ணீரை உள்ளே பீச்சுகிறாள், உடனே வேறு வாடை, இது எனக்குத் தெரியும், நூல் வெளுக்கிற பட்டறை வாடை, பிளீச்சிங். காலையில் ஆற்றோரமாக சைக்கிளில் போனால் அந்த வாடை கண்ணை எரிக்கும். அந்த வழியாகப் போய்த்தான் தினமும் பொட்டலம் வாங்குவேன். பொடிப் புகையிலை, ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கசக்கி இடது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அமுக்கி வைத்தால் தறிச் சத்தம் கொஞ்சம் தள்ளிப் போகும், கால் கடுப்பது மறந்துபோகும். எல்லோரும்தான் வைத்தார்கள். முதலில் நாக்கோரத்தில் ஒரு வெள்ளைத் தடிப்பு. அப்புறம் புண். காரம் பட்டால் உயிர் போகும். கோகிலா கேட்டபோது சூட்டுப் புண் என்றேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து வைத்தாள், அதற்காகத் தோட்டத்துக்காரர்களிடம் சொல்லி வைத்துக் கீரை வாங்கினாள். நல்லாருக்குது, ஆறுது என்று சொல்லிச் சொல்லித் தின்றேன். ஐந்து மாசம். அந்த ஐந்து மாசமும் அவள் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை, வாடை தெரிந்துவிடும் என்று. அவள் என்ன நினைத்தாளோ, வேறு ஏதாவது நினைத்திருப்பாள், கேட்கவில்லை. அந்த ஐந்து மாசத்தில் முதல் மாசமே வந்திருந்தால் நாக்கில் ஒரு சின்னத் துண்டோடு போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அதை அவள் இருக்கும்போதே சொன்னார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள். வீட்டுக்கு வந்து அந்த வாரம் முழுக்கக் கீரை கடையவில்லை.

பதினொன்று ஐந்து. பல்லுக்குள் ஒரு ஊசி போகிறது. ஊசி என்றால் ஊசி இல்லை, மயிர் தடிமனில் ஒரு அரம், அதை விரல் நுனியில் பிடித்துக் கால் சுற்று திருப்பி இழுக்கிறாள், கால் சுற்று திருப்பி இழுக்கிறாள். மூணு வேர்க்கால்வாய் இருக்கும்ணா, ரெண்டு கிடைச்சிடுச்சு என்று சொன்னாள். மூன்றாவது கிடைக்கவில்லை என்று சொல்லாமலே தெரிகிறது, நெற்றியில் கோடு விழுந்துவிட்டது. சிஸ்டரைக் கூப்பிட்டு ஒரு படம் எடுக்கச் சொல்கிறாள். வாய்க்குள் ஒரு சின்ன அட்டையைச் செருகி எந்திரத்தைக் கன்னத்துக்கு நேராக வைக்கிறார்கள், சிஸ்டர் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் காலடியில் நிற்கிறார், அவருடைய மாஸ்க் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறது, உதடு தெரிகிறது. 'எந்தப் பல்லு டாக்டர்?' இவள் என் தலைக்குப் பின்னாலிருந்து என்னமோ சொல்ல, சிஸ்டர் எழுதிக்கொண்டே அதைத் திருப்பிச் சொல்கிறார், உதடு நன்றாகவே பிரிந்து பிரிந்து சொல்கிறது. 'ஃபார்ட்டி சிக்ஸ். கீழ் வலது ஆறாவது.' நான் சிஸ்டரின் வாயையே பார்க்கிறேன். பல்லுக்கு நம்பர் இருக்கிறது. நூலுக்கு நம்பர் இருக்கிற மாதிரி பல்லுக்கும் நம்பர். அவர் சொன்னது பல்லை. தேறாது என்றது பல்லை. எனக்குச் சிரிப்பு வருகிறது, ரப்பருக்குப் பின்னால் சிரிக்க முடியவில்லை, வயிறு மட்டும் குலுங்குகிறது. ஆடாதீங்கண்ணா, படம் கலைஞ்சிடும் என்கிறாள். ஆடவில்லை. கல்லு மாதிரி கிடக்கிறேன். உடம்பெல்லாம் இளகிப்போய்க் கிடக்கிறேன். ஒரு மணி நேரமாக என்னை நானே பாடையில் ஏற்றி வைத்திருந்தேனே.

எவ்வளவு நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது என்று தெரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தால் ஏழு நிமிஷம். பல்லைத்தான் தேறாது என்றார், சரி. ஆனால் பல் தேறாது என்றால்? இந்தப் பல் நின்றால் நான் நிற்பேன் என்று ஆறு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்தானே. அவர் பல்லைச் சொன்னாலும் என்னைச் சொன்னாலும் ஒன்றாக ஆகிவிடும்படி நானே கட்டி வைத்திருக்கிறேன். அப்புறம் அந்த இன்னொரு பேச்சு, இதுக்குப் போய் எதுக்கு மெனக்கெடறே. இதுக்கு என்றால் எதுக்கு. பல்லுக்கா, இந்த ஆளுக்கா. பல்லுக்கு என்றால் எதுக்கு மெனக்கெடறே என்று கேட்பானேன், அதுதான் இவர்கள் வேலை. இந்த ஆளுக்கு என்றால். காது கேட்டது அந்த இரண்டே துண்டு, நடுவில் இருந்தது கேட்கவில்லை, நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. நடுவில் என் பேர் இருந்திருக்கலாம். கழுத்தில் மூன்று கட்டி எடுத்ததில் ஒன்றில் பரவியிருந்தது என்று எழுதியிருக்கிறதே அந்தச் சீட்டு, அது இருந்திருக்கலாம். கேட்டுவிட வேண்டியதுதான். இவளிடமே கேட்டுவிடலாம். கேட்டால் இவள் கண் பொய் சொல்லாது. நான் பொழச்சுக்குவனாம்மா என்று கேட்கிறேன். ரப்பரும் இரும்பு வளையமும் மரத்துப்போன பாதி நாக்குமாகச் சேர்ந்து அது ஆ ஓ ஆ என்று வருகிறது. எனக்கே அது மாடு கத்துகிற மாதிரி கேட்கிறது. அவள் கையை எடுத்துவிட்டாள். வலிக்குதாண்ணா? இல்லை என்று தலையாட்டி மறுபடியும் கேட்கிறேன், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாக, நா-ன், பொ-ழ-ச்-சு, ஆ, ஓ, ஆ, ஊ. கண்ணில் தண்ணீர் வேறு வந்துவிட்டது. ஐயோ, ரொம்ப வலிக்குது போல சிஸ்டர், இன்னொரு ஊசி எடுங்க. வேண்டாம் என்று கையை ஆட்டுகிறேன், அவள் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் கீழே வைத்து, ஒண்ணுமில்லண்ணா, ஒரே நிமிஷம் என்று சொல்லிப் போட்டுவிட்டாள். நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். மரத்துப்போன இடத்தில் மறுபடியும் மரத்துப்போகிறது.

பதினொன்று ஐம்பது. மூன்றாவது கால்வாய் இன்னும் கிடைக்கவில்லை. பூதக்கண்ணாடி பொருத்தின மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் குனிந்திருக்கிறாள், அவள் மூச்சு மாஸ்க்கைத் தாண்டிச் சூடாக என் மேல் படுகிறது. அரத்தை வைக்கிறாள், முட்டுகிறது, எடுக்கிறாள். கொஞ்சம் வளைத்துவிட்டு வைக்கிறாள், முட்டுகிறது. இந்த விரலை எனக்குத் தெரியும். பாவில் இழை அறுந்துவிட்டால் அறுந்த நுனியைத் தேடி, முடிந்து, தறி விழுதுக் கம்பியின் கண்ணில் நுழைத்து, அச்சுப்பல்லின் சந்தில் இழுக்கிற விரல். அவசரப்பட்டால் பக்கத்து இழையும் போகும். அப்படிக் குனிந்திருக்கும்போது நாங்கள் யாரும் துணி யாருக்குப் போகிறது என்று நினைக்கமாட்டோம், கல்யாணத்துக்கா கருமாதிக்கா என்று கேட்கமாட்டோம், அந்த நேரத்தில் இருக்கிறது அறுந்த இழை மட்டும்தான். அவளுக்கும் இப்போது நான் இல்லை. இதை நினைத்தால் பயம் வர வேண்டும், ஆனால் வரவில்லை, என்னமோ நானும் அவள்கூடச் சேர்ந்து அந்த ஓட்டையைத் தேட ஆரம்பித்துவிட்டேன், அவள் விரல் திரும்பும்போது என் வலது கால் பெருவிரல் செருப்பில்லாமல் நாற்காலி விளிம்பை அழுத்துகிறது, தறியை நிறுத்துகிறபோது அழுத்துகிற மாதிரி. இடது பக்கம், அம்மிணி, இன்னும் கொஞ்சம் இடது பக்கம். பன்னிரண்டு எட்டு. சட்டென்று அரம் இறங்குகிறது. பக்கத்து மேசையில் இருக்கிற சின்ன மிஷின் பீப் பீப் என்று அடிக்க ஆரம்பிக்கிறது. கிடைச்சிடுச்சுண்ணா என்கிறாள், அவள் குரல் இப்போது சன்னமாக இல்லை. கழுவுகிறாள், காயவைக்கிறாள், ரோஸ் நிறத்தில் மெல்லிய குச்சிகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிச் சூடான கம்பியால் மிச்சத்தை நறுக்குகிறாள், லேசாக ரப்பர் கருகின வாடை. மேலே சிமெண்ட் வைத்து அமுக்குகிறாள். கடைசிப் படம். பெரிய டாக்டர் பன்னிரண்டு இருபத்தைந்துக்கு வந்து அந்தப் படத்தைத் தூக்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். 'பரவால்லியே, நுனி வரைக்கும் போயிருக்கே' என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ரப்பரை எடுத்ததும் வாய் மூடமாட்டேன் என்கிறது. தாடையைக் கையால் பிடித்துத்தான் மூடினேன். பொண்ணு மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறாள், மூக்குத்தண்டில் மாஸ்க் பதிந்த தடம் சிவப்பாக இருக்கிறது, சின்ன முகம், முன்பல் ஒன்று லேசாக முன்னால் இருக்கிறது. இப்போது உதடு தெரிகிறது. 'ரெண்டு மணி நேரம் எதுவும் மெல்லாதீங்க. கரண்ட் வெச்சு முடிஞ்சு மூணு மாசம் கழிச்சு மேல ஒரு கேப் போட்டுடலாம். நல்லாப் பாத்துக்கிட்டா இந்தப் பல்லு இருபது வருஷம் வரும்ணா.' நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் நேருக்கு நேராக நிற்கிறாள், வேறு யாரும் பக்கத்தில் இல்லை, இப்போது கேட்காவிட்டால் அப்புறம் இல்லை. 'ஏனுங்கம்மா,' பாதி உதடு விழுந்து கிடக்கிறது, மூன்று தடவை சொல்லித்தான் அவளுக்குப் புரிந்தது, 'பொழச்சுக்குவாங்கன்னு தெரிஞ்சவங்களுக்குத்தானுங்க இந்த வைத்தியம் செய்வீங்க?' அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். 'அப்படியெல்லாம் பாக்கறதில்லண்ணா. கரண்ட் வெச்ச தாடையில பிறகு பல்லு பிடுங்கக் கூடாது, புண்ணு ஆறாது, எலும்பே கெட்டுப்போகும். அதனால சந்தேகமான பல்லுன்னா முன்னாடியே எடுத்துடறது, அதான் சார் எடுக்கச் சொன்னாங்க. உங்களுக்கு மெல்றதுக்கு இந்த ஒரு ஜோடிதான் இருக்கு. அதான் நான் முயற்சி பண்ணிப் பாக்கறேன்னு சொன்னேன்.' அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நானும் அத்தோடு விட்டிருக்கலாம். 'என்னைய மாதிரி வேற யாருக்காச்சும் செஞ்சீங்களா?' 'நிறையப் பேருக்கு. ரெண்டு மாசம் முன்னாடிகூட அந்தியூர் பக்கம் ஒருத்தர், அவருக்கு மூணு பல்லு காப்பாத்தினேன், மூணும் ரொம்ப நல்லா வந்துச்சு.' சொல்லும்போது அவள் முகம் மலர்ந்தது, உடனே அந்த மலர்ச்சியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினாள், உதட்டைப் பார்க்கிறவனுக்கு அது தப்பாது. அவரு இப்ப எப்படி இருக்கறாருங்க என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பொண்ணு. 'இல்லண்ணா. கரண்ட் வெச்சுக்கிட்டு இருக்கும்போதே நாலாவது வாரம் தவறிட்டாரு.' மாஸ்க்கை மடித்துக்கொண்டே, 'உங்களுக்கு எப்படின்னு எனக்குத் தெரியாதுண்ணா. கீழ இருக்கற டாக்டருங்களுக்கே இப்பத் தெரியாது. எனக்குப் பல்லு மட்டும்தான் தெரியும்' என்றாள். மூன்று பல். மூன்றும் நன்றாக வந்தது. அந்த மனுஷனும் இந்த நாற்காலியில்தான் படுத்திருப்பார், இதே கடிகாரத்தைப் பார்த்திருப்பார், வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார். எரித்த பிறகு சாம்பலில் பொறுக்கும்போது அந்த மூன்று பல்லும் முழுசாகக் கிடைத்திருக்கும். எனக்கு அவள்மேல் கோபமில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். ஐயோ அண்ணா என்று கையைப் பிடித்துக்கொண்டாள், ரெண்டு மணி நேரம் அரம் பிடித்த தடம் அவள் விரல் நுனியில் பதிந்திருந்தது.

வராந்தாவில் கோகிலா பெஞ்சில் உட்காரவில்லை, படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், காலையில் விட்டுப்போன இடத்திலேயே. கையில் என் செருப்பை வைத்திருக்கிறாள், உள்ளே போகும்போது கழற்றிப் போட்டதை யாராவது மிதித்துவிடுவார்கள் என்று எடுத்து வைத்திருப்பாள். என்னைக் கண்டதும் செருப்பைக் கீழே போடவும் மறந்து நேராக முன்னால் வந்து நிற்கிறாள், என் முகத்தைப் பார்க்கவில்லை, கன்னத்தைப் பார்க்கிறாள், பஞ்சு கடித்திருக்கிறேனா, ரத்தம் இருக்கிறதா என்று. 'ஏனுங்க. பல்லு நின்னுருச்சுங்களா?' அவள் உதடு காய்ந்து தோல் உரிந்திருக்கிறது, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்கமாட்டாள். சொல்வதற்கு என்னிடம் ரெண்டு இருக்கிறது. பல் நின்றுவிட்டது என்பது ஒன்று. அந்தியூர்க்காரரின் மூன்று பல் இன்னொன்று. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும், அதுதான் நியாயம், ஐந்து மாசம் மறைத்ததில் என்ன ஆயிற்று என்று தெரிந்தவன் நான். வாயைத் திறக்கிறேன். தாடை வலிக்கிறது. 'நின்னுருச்சு' என்றேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள், முதுகு மட்டும் ஆடுகிறது, என்ன சொல்கிறாள் என்று எனக்குக் கேட்கவில்லை, திரும்பிச் சொல்லு என்று சொல்லவும் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். 'எத்தன நாளைக்கு வருமுன்னு கேட்டீங்களா?' இருபது வருஷமாம் என்றேன், அந்தப் பொண்ணு சொன்னதை அப்படியே சொன்னேன். இருபது வருசமுங்களா என்று செருப்பை என் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நாங்கள் படி இறங்க ஆரம்பித்தோம், கீழே கரண்ட் வைக்கிற இடத்தில் வியாழக்கிழமைக்குச் சீட்டு வாங்க வேண்டும், கரண்ட் வைக்கும்போது முகம் அசையாமல் பிடிக்கிற மூடிக்காக அச்செடுக்கிற நாள் அது. பாதிப் படியில் அவள் நின்றுவிட்டாள். 'இருபது வருசமுன்னா தர்ஷினிக்கு முப்பத்திரண்டு ஆயிருக்குமுங்க. அவளுக்கு ரெண்டு புள்ளைக இருக்கும். பெரிசு பள்ளிக்கூடம் போயிருக்கும்.' கட்டைவிரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு என்னமோ கணக்குப் போடுகிறாள், உதடு அசைகிறது, அவ்வளவு பக்கத்தில் நின்றும் அதைப் படிக்காமல் வேறு பக்கம் பார்த்தேன். மேலேயும் கீழேயும் ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் எண்ணி முடிக்கட்டும் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.